கணவர் விட்டுப்போன மொய் நோட்டைக் கையாள்வது எப்படி

2017 ஆடியில் என் கணவர் இறந்தபோது என் கைக்கு வந்தவை இரண்டு அறை கொண்ட ஒரு காரை வீடு, அரை ஏக்கர் மானாவாரி நிலம், ஓடாத டிவிஎஸ் 50, நான்கு மொய் நோட்டு. நிலத்தை வக்கீல் பார்த்துக்கொண்டார். வண்டியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார். நோட்டுகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. பீரோவின் அடித்தட்டில் அவருடைய வேட்டிகளுக்குக் கீழே கிடந்தன. கருமாதி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை வரத் தொடங்கிவிட்டது. முதல் பத்திரிகை கொண்டுவந்தவர் கண் கலங்கினார், காபி குடித்தார், படியிறங்கும்போது, "நோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டு வருடம் அந்தக் குடும்பத்தில் வாழ்ந்தும் நான் அந்த நோட்டுகளைத் திறந்ததில்லை. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் மொய் நோட்டு ஆம்பளைக் காரியம். பந்திக்கு இலை போடுவதும் தட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதும் நாங்கள். யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள். அப்படி இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று நோட்டைக் கையில் வாங்குகிற பெண்களுக்காகவும், அப்பா போனபின் திருதிருவென விழிக்கிற பையன்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மொய்யை அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டு நோட்டைத் திறக்காதீர்கள். பத்திரிகையில் அப்படித்தான் அச்சடிப்பார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சொல் செய்முறை. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கெடு இல்லை, ஆனாலும் கடன். வந்த பணம் நம் வீட்டு நோட்டில் இருக்கிறது. நாம் செய்த பணம் அடுத்தவர் வீட்டு நோட்டில் இருக்கிறது. என் கணவர் இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய்ச் செய்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு வரி எழுத்து கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்து, அவரோடு எரிந்துவிட்டது. ஆகவே முதல் வேலை ஒரு புது நோட்டு வாங்கி, "செய்தது" என்று அட்டையில் எழுதுவது. இன்றைக்கே. பழையதை மீட்க முடியாவிட்டாலும் இனிமேல் கொடுப்பதாவது நிற்கும்.

இரண்டாவது வேலைக்கு ஓர் ஆள் வேண்டும்: நோட்டில் இருக்கிற மனிதர்களை அறிந்த ஒரு கிழவி அல்லது கிழவர், உயிரோடு இருக்கும்போதே. எனக்கு என் மாமியார் இருந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2008இல் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது எழுதிய நோட்டில் 412 பெயர். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து நான் பெயரை வாசிப்பேன். அத்தை சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். "கருப்பசாமி, வாலாந்தூர், 101" என்று வாசித்தால் உலக்கை நிற்கும். "வாலாந்தூரில் எந்தக் கருப்பசாமி? கிணற்றில் விழுந்து கால் ஒடிந்தவனா, அவன் சித்தப்பன் மகனா?" அந்த ஒரு நோட்டில் மட்டும் பதினொரு கருப்பசாமிகள். ஆறு ஒச்சப்பன்கள். அத்தை ஒவ்வொருவரையும் பிரித்தெடுத்துத் தருவார்: இவன் மாடு வாங்க நம்மிடம் ஐந்நூறு வாங்கியவன், இவன் பொண்டாட்டி எனக்கு ஒன்றுவிட்ட தங்கை, இவன் செத்துவிட்டான், இவன் மகன் திருப்பூரில் இருக்கிறான். நான் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன்.

பேனாவால் குறிக்காதீர்கள். அத்தை மறுநாள் காலையில், "நேற்றுச் சொன்னது தப்பு, அது மூத்தவன்" என்பார்.

இருபது நாள் இப்படி உட்கார்ந்தோம். துக்க வீட்டில் பேச்சில்லாமல் இருந்த இரண்டு பெண்களுக்குப் பேச ஏதோ கிடைத்தது என்றும் சொல்லலாம். 412இல் ஒன்பது பெயரை மட்டும் அத்தையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019இல் அத்தை போய்விட்டார். நாங்கள் தள்ளிப்போட்டிருந்தால் அந்த நோட்டு வெறும் காகிதமாகியிருக்கும்.

அடுத்து, பெயர்களை ஊர்வாரியாகப் பெயர்த்து எழுத வேண்டும். அகர வரிசை வேண்டாம்; என் மகன் கம்ப்யூட்டரில் அப்படி அடித்துக் கொடுத்தான், ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டேன். பத்திரிகை வருவது ஊரிலிருந்து, நாம் போவதும் ஊருக்கு. மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் எந்த வரிசையில் ஊர் வருமோ அந்த வரிசையில் என் நோட்டு இருக்கிறது: நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், வாலாந்தூர், உசிலம்பட்டி. அதற்கு அப்பால் எழுமலை, பேரையூர் தனிப் பக்கங்கள். முகூர்த்த நாளில் மூன்று வீடு போக வேண்டியிருந்தால் எந்த மண்டபத்தில் முதலில் இறங்குவது என்பதை நோட்டே சொல்லிவிடும். பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், தொழில், தெரு, பட்டப்பெயர் நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பட்டப்பெயரை எழுதக் கூச்சப்படாதீர்கள். "நொண்டி" போன்றவற்றை மட்டும் நான் எழுதுவதில்லை; நோட்டு பிள்ளைகள் கையில் போகும்.

இனி தொகை. இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

அடிப்படை விதி: பழையதைத் திருப்பி, அதற்கு மேல் புதிதாகக் கொஞ்சம் வைப்பது. அவர் 501 செய்திருந்தால் நான் 1,001 செய்கிறேன். அதில் பாதி பழைய பாக்கி, பாதி என் புது மொய். அடுத்த முறை அவர் என் புது மொய்யைத் திருப்பி மேலே வைப்பார். இப்படி ஏறிக்கொண்டே போகும், கணக்கு தீரவே தீராது. தீராமல் இருப்பதைத்தான் உறவு என்கிறோம். வந்த தொகையை அப்படியே, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் திருப்பினால், "நமக்குள் இத்தோடு முடிந்தது" என்று அர்த்தம். இது தெரியாமல் முதல் வருடம் நான் நான்கு வீட்டில் சரிக்குச் சரி செய்துவிட்டு வந்தேன். நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்கு எண்ணம். நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் திரும்பப் போய், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிச் சமாதானமானேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். அதில் இரண்டு எப்படியும் முடிய வேண்டியவைதான்.

ஆனால் 2008இல் வந்த 101க்கு இன்று எவ்வளவு? நோட்டு அந்தப் பதிலைச் சொல்லாது. நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது அதே 2008இல். அத்தை முதல் வருடமே கண்மாய் வேலைக்குப் போனார். அன்று தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த தினக்கூலி 80 ரூபாய். 2025இல் அது 336. நான்கு மடங்குக்குச் சற்று மேலே. அப்படியானால் அன்று 101 வைத்தவர் ஒருநாள் கூலிக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார். இன்று நான் 101ஐயும் அதற்கு மேல் இன்னொரு நூறையும் கொடுத்துவிட்டுக் கறிச்சோறு சாப்பிட்டு வந்தால் அது கணக்கில் சரி, நியாயத்தில் சரியில்லை. குறைந்தது 501 வைக்கிறேன். எங்கள் கல்யாணம் 1999. அந்த நோட்டுக்கு இந்த அளவுகோல் எட்டாது. அத்தையிடம் அப்போது களையெடுப்புக் கூலி என்ன என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மோதிரம் வந்திருந்தால் தொகையை எழுதாதீர்கள், எடையை எழுதுங்கள். கால் பவுன் என்றால் 2 கிராம். பவுன் 40 ஆயிரத்தைத் தாண்டியது 2020 ஜூலையில்; அதற்கு முன் மோதிரம் போட்டவர்களுக்கு இப்போது மோதிரமாகத் திருப்ப நினைத்தால் நிலத்தை விற்க வேண்டும். அரைக் கிராம் நாணயமும் மீதிக்குப் பணமும் என்று நான் நேரில் போய்ப் பேசி முடித்திருக்கிறேன். கேட்டால் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் யாருக்காவது மோதிரம் பாக்கி இருக்கும்.

2016 நோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மகளின் சடங்கை நவம்பர் கடைசியில் வைத்தோம். அந்த மாதம் 8ஆம் தேதிதான் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். வீட்டில் கிடந்த பழைய நோட்டையெல்லாம் எங்கள் மொய்யில் வைத்துவிட்டுப் போனவர்கள் 37 பேர். என் கணவர் பொறுமையாக ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "ப.நோ." என்று எழுதியிருக்கிறார். டிசம்பர் 30க்குள் வங்கியில் கட்ட அவர் நான்கு நாள் வரிசையில் நின்றார். அந்த 37 பேருக்கும் நான் முழுத் தொகையும் திருப்பிவிட்டேன். மேலே மட்டும் எதுவும் வைக்கவில்லை.

மொய் மேசையில் நடந்துகொள்வது எப்படி என்று யாரும் பெண்களுக்குச் சொல்லித்தருவதில்லை. கணவர் போனபின் நான் சென்ற முதல் கல்யாணம் செக்கானூரணியில். மேடைப் பக்கம் போகவில்லை. தாலி கட்டும் நேரத்தில் என்னை எங்கே நிற்கவைப்பது என்று மற்றவர்கள் சங்கடப்படுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நேரே மொய் மேசைக்குப் போனேன். அங்கே யாரும் சங்கடப்படவில்லை. பூ இல்லாத தலையைப் பார்த்து ஒதுங்குகிற ஊர், அந்தத் தலைக்குரியவள் நீட்டுகிற பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறது. எழுதுகிறவர் கணவர் பெயரைக் கேட்டார், சொன்னேன். இல்லையே என்று தயங்கி, "பையன் பெயர்?" என்றார். என் பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "என் பெயரை எழுதுங்கள்" என்றேன். பின்னால் வரிசை நின்றது. அவர் எழுதாமல் மண்டபத்துக்காரரைப் பார்த்தார். நான் பணத்தை எடுக்கவுமில்லை, நகரவுமில்லை. எழுதினார்.

நீங்களும் அப்படியே நில்லுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். சீட்டை அங்கேயே படித்துப் பாருங்கள், இனிஷியல் மாறினால் பணம் வேறு கருப்பசாமிக்குப் போய்விடும். சீட்டு கிடைக்காத இடத்தில் பத்திரிகையின் பின்பக்கத்தில் தொகையையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்திரிகை யோசனை என் மூத்த நாத்தனாருடையது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அங்கன்வாடியில் வேலை பார்த்துக்கொண்டு முப்பது வருடம் எல்லார் வீட்டுக்கும் செய்தார். குழந்தை இல்லை, காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை. திரும்பி வர வழியே இல்லாத பணம். விசேஷமே வாய்க்காதவர்கள் எங்கள் பக்கம் வசந்த விழா என்று ஒன்று வைப்பார்கள். காரணம் எதுவும் இல்லாமல், போட்டதைத் திருப்பி வாங்குவதற்காகவே கிடா வெட்டிப் பந்தல் போடுவது. வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி செய்ய எதுவும் தெரியவில்லை; வங்கியில் போட்டதை எடுக்கப் போகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் தனியாக இருக்கிற ஒரு பெண் வசந்த விழா வைத்தால் என்ன பேசுவார்கள் என்று நாத்தனார் பயந்தார். ஓய்வு பெற்றபின் 2023இல் ஓர் அறை கட்டிப் பால் காய்ச்சினார். அதுவரை செய்ததற்கெல்லாம் கணக்கு? பரணிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இறக்கினார். உள்ளே 212 பத்திரிகைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் தொகை. நாங்கள் இருவரும் அந்த 212 வீட்டுக்கும் நடந்து பத்திரிகை வைத்தோம். வந்தவர்கள் 140 பேர். வராதவர்கள் பெயரும் என்னிடம் இருக்கிறது.

நாமே விசேஷம் நடத்தும்போது மேசைக்கு நான்கு ஆள் போடுங்கள்: வாங்க ஒருவர், எழுத ஒருவர், பணப்பையோடு ஒருவர், மேற்பார்வைக்கு ஒருவர். நான்கு பேரும் ஒரே வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. முதல் வரி குலசாமி பெயரில். ஐம்பது பெயருக்கு ஒருமுறை கூட்டி, பையில் இருக்கிற பணத்தோடு சரிபாருங்கள். கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் 500 ரூபாய் எங்கே விட்டது என்று பொழுது விடியும்வரை தேட வேண்டியிருக்கும். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பேக்கும் போன்பேக்கும் கியூஆர் கோடு அச்சடித்தபோது நாங்கள் சிரித்தோம். 2024இல் என் மகள் கல்யாணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்படித்தான் வந்தது. அதில் ஒரு தொல்லை: போனில் வருகிற பெயர் மொய் வைத்தவர் பெயராக இருக்காது. மருமகன் போனிலிருந்து அனுப்புவார், கடைப் பெயரில் வரும். அன்று இரவே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு யார் கணக்கு என்று கேட்டு நோட்டில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் என்றால் போயிற்று.

மகளுக்குப் போட்ட நகைக்கும் பாத்திரத்துக்கும் தனிப் பட்டியல் எழுதி, மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போடச் செய்தேன். சம்பந்தி வீட்டில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதியே, என்ன பொருள், தோராய மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு என்று பட்டியல் வைக்கச் சொல்கிறது. அதைச் சொன்னதும் முணுமுணுப்பு நின்றது. வருமான வரி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கல்யாணம் செய்துகொள்கிறவருக்கு அதையொட்டி வருகிற அன்பளிப்புக்கு வரி இல்லை. காதுகுத்து, வீடு குடிபோவது, வசந்த விழா எல்லாம் அந்தச் சலுகையில் வராது. நெருங்கிய உறவு அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வருகிற மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானம். பெரிய விசேஷம் வைப்பவர்கள் ஓர் ஆடிட்டரிடம் நோட்டைக் காட்டிவிடுவது நல்லது.

கடன் வாங்கி மொய் செய்யாதீர்கள். இதை நான் தடித்த எழுத்தில் எழுதச் சொல்வேன். ஆவணியிலும் தையிலும் எங்கள் தெருவில் வாரக் குழுக் கடன் எடுக்கிற பெண்களில் பாதிப்பேர் அதை மொய்க்குத்தான் எடுக்கிறார்கள். வட்டியில்லாத கடனைத் திருப்ப வட்டிக்குக் கடன். வசூலுக்கு வருகிறவர்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு மற்ற பெண்களை விட்டு ஏசச் சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போடும்போது நம் புத்தி வேலை செய்ய வேண்டும். பணம் இல்லையென்றால் விசேஷத்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள், வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, "தையில் வந்து செய்கிறேன்" என்று சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. போகாமல் இருப்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். நான் மாதம் 2,000 ரூபாயை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் அது நிறையும். அடுத்த மாதமே காலியாகிவிடும்.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நோட்டையும் பிரிக்க மறக்காதீர்கள். எங்கள் மாமனார் காலத்து மொய்யை 2011இல் என் கணவரும் கொழுந்தனும் ரோட்டை வைத்துப் பிரித்தார்கள்: உசிலம்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு, மேற்கே அவர்களுக்கு. உசிலம்பட்டி டவுன் யாருக்கு என்று முடிவாகவில்லை. இன்றும் அங்கே ஒரு பத்திரிகை வந்தால் இரண்டு வீட்டிலிருந்தும் போகிறோம், பத்திரிகை வைத்தவர்களுக்கு லாபம்.

அத்தையால் கண்டுபிடிக்க முடியாத ஒன்பது பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலையில் வயதானவர் யார் உட்கார்ந்தாலும் கேட்பேன். இரண்டு பேர் அவர்களாகவே பத்திரிகையோடு வந்துவிட்டார்கள். போன மாதம் எழுமலையில் ஒரு பெரியவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அது எங்கள் அண்ணன்தானே, இப்போது இல்லை" என்றார். அண்ணன் பேத்திக்குத் தையில் காதுகுத்தாம். 2008இல் அவர் வைத்தது 51. கூலிக் கணக்குப்படி 251 போதும் என்று நான் சொல்கிறேன். 501க்குக் குறைந்து எழுதினால் மைக்கில் வாசிக்கும்போது அசிங்கமாக இருக்கும் என்கிறான் மகன். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.